ரசம் மங்கிய ஃபாக் லைட்: வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

வண்டியின் ஃபாக் லைட்டின் (பனிமூட்ட விளக்கின்) வெளிச்சம் குறைந்துவிட்டது என்றதும் பெரும்பாலானவர்களின் பார்வை உள்ளே பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டர் மேல்தான் போகும். அலுமினியத் தாளை ஒட்டலாமா, குரோம் ஸ்பிரே அடிக்கலாமா, மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா என்று யோசிப்பார்கள். மூன்றுமே விளக்கைக் கெடுக்கும் வேலைகள். ரிஃப்ளெக்டரின் ரசத்தை வீட்டில் கூட்ட முடியாது. மேலே படிந்ததை எடுக்கலாம், மேலும் உதிராமல் காக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தொலைந்த வெளிச்சத்தில் பெரும்பங்கு பெரும்பாலும் ரிஃப்ளெக்டரில் தொலைவதே இல்லை. லென்ஸிலும் வயரிலும் பல்பிலும் தொலைகிறது. அவை மூன்றும் வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை.

ஃபாக் லைட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது அகலமாக, தாழ்வாக, மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் முடியும் ஒளிப்பட்டையைத் தருகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இருட்டு இருக்க வேண்டும். மேலே கசியும் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணுக்கே வரும், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல் ஆகிவிடும். அதனால் ரிஃப்ளெக்டர் பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைக் கணக்காகத் திருப்ப வேண்டும். வெள்ளைச் சுவரும் ஒளியைத் திருப்புகிறது, கண்ணாடியும் திருப்புகிறது. சுவர் எல்லாத் திசையிலும் இறைக்கும், கண்ணாடி ஒரே திசையில் அனுப்பும். சமையலறை அலுமினியத் தாளும் வெள்ளிநிற ஸ்பிரேயும் சுவரின் பக்கம் சேர்ந்தவை. ஒட்டியபின் வெளியே நின்று பார்த்தால் விளக்கு பிரகாசமாகத்தான் தெரியும், ஏமாற்றமே அங்கேதான் இருக்கிறது. பனியில் எடுத்துப் போனால் முன்னைவிடக் குறைவாகத் தெரியும். போதாததற்கு, ஸ்பிரேயின் பெயின்ட் பல்பின் சூட்டில் ஆவிவிட்டு லென்ஸின் உள்பக்கம் புகைபோல் படியும்.

மெட்டல் பாலிஷ் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் ரசத்தின் கனம். இன்றைய ரிஃப்ளெக்டர்களில் பெரும்பாலானவை வார்த்த பிளாஸ்டிக். அதன்மேல் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். அந்தப் படலம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) சிறு பங்குதான். அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் பூச்சு. புதிதாக இருக்கும்போது விழும் ஒளியில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதத்தைத் திருப்பும். பாலிஷில் இருக்கும் அராவும் தூள் இரண்டு இழுப்பில் காப்புப் பூச்சையும் அலுமினியத்தையும் சேர்த்தே எடுத்துவிடும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தெரிய ஆரம்பிக்கும். அதன்பின் செய்ய எதுவும் மிஞ்சாது.

ஆகவே கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். இரவில் வண்டியைச் சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, என்ஜின் ஓடும்போது ஃபாக் லைட்டை மட்டும் எரிய விடுங்கள். போன் கேமராவில் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, ஒரு பக்க விளக்கை அட்டையால் மறைத்து இன்னொன்றைப் படமெடுங்கள், பிறகு மாற்றி எடுங்கள். எக்ஸ்போஷரைப் பூட்டாமல் எடுத்த படங்களை ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் கேமரா தானாகவே ஈடுகட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் அந்த விளக்கில் ஏதோ இருக்கிறது: தண்ணீர், பல்ப், எர்த். இரண்டும் ஒரே அளவில் மங்கல் என்றால் லென்ஸின் வயது அல்லது பொதுவான வயரிங். வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் மேல்விளிம்பு கலங்கலாக இருந்தால், ஒளி எங்கோ சிதறுகிறது, லென்ஸையோ ரிஃப்ளெக்டரையோ சந்தேகிக்கலாம்.

அடுத்தது மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர். நிறையப் பேர் விட்டுவிடும் இடம் இதுதான், அதிக லாபம் தருவதும் இதுதான். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் மூன்றரை அடுக்கில், அதாவது அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. 5 சதவீதம் அழுத்தம் குறைந்தால் சுமார் 16 சதவீத ஒளி போகும், 10 சதவீதம் குறைந்தால் சுமார் 30 சதவீதம் போகும். 13.2 வோல்ட் வர வேண்டிய பல்புக்கு 11.9 வந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒளி இல்லை. எந்த ரிஃப்ளெக்டர் வைத்தியமும் அதை ஈடுகட்டாது.

பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் கரன்ட் ஓடாததால் எல்லாம் சரியாகவே காட்டும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பல்பின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு பல்பின் நெகட்டிவுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே. இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. எர்த் பக்கம் அதிகமாகக் காட்டினால், வயர் பாடியில் திருகப்பட்ட இடத்தில் துரு இருக்கும். கழற்றி, உலோகம் தெரியும்வரை சுரண்டி, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். பாசிட்டிவ் பக்கம் அதிகம் என்றால் ஸ்விட்ச் வழியாகவே முழுக் கரன்ட்டும் போகிறதா என்று பாருங்கள். 55 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 8 முதல் 9 ஆம்பியர். பிற்பாடு பொருத்திய விளக்குகளில் மெல்லிய வயரும் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) இல்லாத இணைப்பும் அடிக்கடி காணக் கிடைப்பவை. பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மி.மீ. வயர் இருந்தால் போதுமானது. ரிலேயின் 30ஆம் முனை ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 விளக்குகளுக்கு, 86 ஸ்விட்சிலிருந்து, 85 எர்த்துக்கு.

இனி லென்ஸ். முதலில் அது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தெரிய வேண்டும். நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்றும் பிளாஸ்டிக் மந்தமாகவும் ஒலிக்கும். ஐரோப்பிய முறை ஒப்புதல் முத்திரை உள்ள விளக்குகளில் பிளாஸ்டிக் லென்ஸ் என்பதற்கு ‘பிஎல்’ என்ற எழுத்துகள் லென்ஸிலேயே பதிந்திருக்கும்.

பிளாஸ்டிக் என்றால் பாலிகார்பனேட். அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கெட்டியான பூச்சு ஒன்று உண்டு. வெயிலும், கீழிருந்து தெறிக்கும் மணலும் அந்தப் பூச்சை அரித்தபின் லென்ஸ் மஞ்சளாகி, பால் படிந்ததுபோல் ஆகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் பூச்சு இல்லாத பாலிகார்பனேட் வெயிலுக்கு நேரடியாகக் காட்டப்படுவதால் சில மாதங்களுக்குள் பழையபடி, பெரும்பாலும் முன்னைவிட மோசமாக மங்கும். கொசு விரட்டித் திரவம் தடவுவது இன்னும் தவறு. அத்தகைய பல திரவங்களில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இளக்குகிறது. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

சரியான முறை தண்ணீர் போட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். லென்ஸைச் சுற்றியுள்ள பெயின்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பழைய பூச்சு தோல் உரிவதுபோல் இருந்தால் 800ஆம் எண் தாளில் ஆரம்பியுங்கள், வெறும் மங்கல் என்றால் 1000 போதும். பிறகு 1500, 2000, 3000. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு இருந்தால் தாள் அடைக்காது. ஒரு தாளில் கிடையாகத் தேய்த்தால் அடுத்த தாளில் செங்குத்தாகத் தேய்ப்பது நல்ல பழக்கம். முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு 800இன் கீறலை விட்டுவிட்டால் அது கடைசியில், விளக்கு எரியும்போது மட்டும் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் லென்ஸையும் கையையும் கழுவுங்கள். 800இன் ஒரு மணல் 2000இல் கலந்தால் எல்லாம் முதலிலிருந்து.

3000க்குப் பிறகு பிளாஸ்டிக் பாலிஷ் காம்பவுண்டும் ஸ்பஞ்ச் பேடும். டிரில்லில் மாட்டித் தேய்ப்பவர்கள் வேகத்தைக் குறைவாக வைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும். நின்றால் பிளாஸ்டிக் சூடேறி இழுபடும், அந்த அலை போகாது. முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உடனேயே புற ஊதாக் காப்புப் பூச்சை மெல்லியதாக இரண்டு முறை பூச வேண்டும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் கிளியர்கோட் என்றால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது, அந்த வேலையைப் பெயின்டரிடம் விடுங்கள். துணியால் பூசும் வகை வீட்டுக்குப் போதும். 24 மணி நேரம் ஈரம் படக் கூடாது. இந்தப் பூச்சைப் போடாமல் நிறுத்துவதானால் தேய்க்க ஆரம்பிக்கவே வேண்டாம்.

கண்ணாடி லென்ஸுக்கு உப்புத்தாள் கிடையாது. உப்புநீர்க் கறை என்றால் தண்ணீர் கலந்த வினிகரை வெளிப்பக்கம் மட்டும் தடவிக் கழுவலாம். மெல்லிய கீறல்களைச் சீரியம் ஆக்ஸைடு பவுடர் ஓரளவு எடுக்கும். கல் தெறித்த குழிகள் போகாது. குழிகள் நெருக்கமாக இருந்தால் லென்ஸையோ விளக்கையோ மாற்றுவதே வழி.

இப்போது ரிஃப்ளெக்டர். விளக்கை அணைத்து அரைமணி நேரமாவது ஆற விடுங்கள். பல வண்டிகளில் முன் சக்கரத்தை உள்பக்கம் திருப்பி, சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையில் முன்பக்கக் கிளிப்புகளைக் கழற்றினால் விளக்கின் பின்புறம் எட்டும். எச்11, எச்8 வகைப் பல்புகள் இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் வெளியே வரும். டார்ச்சை அந்தத் துளை வழியாகக் காட்டி, லென்ஸ் வழியே உள்ளே பாருங்கள். தூசி சமமாக மங்கலாகத் தெரியும். தண்ணீர்க் கறை வளையம் வளையமாக இருக்கும். ரசம் உதிர்ந்த இடம் பழுப்பாகவோ கறுப்பாகவோ, ஓரம் தெளிவாகத் தெரியும் திட்டாக இருக்கும். முதல் இரண்டும் போகக் கூடியவை. மூன்றாவது போகாது.

வெறும் தூசி என்றால் கேமரா துடைக்கப் பயன்படும் ரப்பர் ஊதுகுழலால் ஊதினாலே போதும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும், டின்னில் வரும் காற்று சிலசமயம் திரவமாகவே பீய்ச்சும். இரண்டும் புதுக் கறையைப் போடும்.

கறை இருந்தால் விளக்கை முழுதாகக் கழற்றிக் கழுவலாம். பின்பக்கம் இருக்கும் காற்றுத் துளையை முதலில் கவனியுங்கள். ரப்பர் குழாய் என்றால் கழற்றி வையுங்கள். வெள்ளைச் சவ்வு ஒட்டிய வகை என்றால் டேப் போட்டு மூடுங்கள், சோப்புத் தண்ணீர் பட்டால் அந்தச் சவ்வு நீரைத் தடுக்கும் குணத்தை இழந்துவிடும். அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரை வெதுவெதுப்பாக்கி, இரண்டு சொட்டு மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் மட்டும் கலந்துகொள்ளுங்கள். சலவைத்தூள் காரம், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் காரம். அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும், காப்புப் பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலே போதும். விளக்கின் கொள்ளளவில் கால் பங்கு ஊற்றி, துளையை மூடி, அரை நிமிடம் சுழற்றி, ஊற்றிவிடுங்கள். இன்னொரு முறை. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசுங்கள். இங்கே குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் உலர்ந்ததும் சுண்ணாம்புப் புள்ளிகள் ரிஃப்ளெக்டர் முழுக்கத் தெரியும்.

இதற்கும் போகாத கறையைத் தொட வேண்டும் என்று தோன்றும். வானம் பார்க்கும் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் தங்கள் கண்ணாடியைக் கழுவும் முறையைத்தான் இங்கும் கடைப்பிடிக்கலாம், அதிலும் இதே அலுமினியப் பூச்சுதான். தண்ணீரில் முங்கிய சுத்தமான பஞ்சை மேற்பரப்பில் வைத்து, அதன் சொந்த எடையில், ஒரே திசையில் ஒரு முறை இழுத்து எறிந்துவிட வேண்டும். விரலால் அழுத்தக் கூடாது. அதே பஞ்சை மறுபடி வைக்கக் கூடாது. முதலில் ஓரத்தில், ஒளி படாத இடத்தில் செய்து பாருங்கள். பஞ்சில் சாம்பல் நிறம் ஒட்டினால் ரசம் வருகிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உலர்த்துவதில் பொறுமை வேண்டும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து. உள்ளே ஈரம் இருக்கும்போதே பல்பைப் போட்டு எரித்தால் நீராவி லென்ஸில் படிந்து கோடு கோடாக இறங்கும்.

கழுவியதால் மட்டும் காரியம் முடிவதில்லை. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மழைக்கு அதே கதை. பெரும்பாலும் குற்றவாளி பல்பின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம்தான். முறுக்கிக்கொண்டிருக்கும், இறுகிப்போயிருக்கும், அல்லது பல்ப் மாற்றும்போது விட்டுப்போயிருக்கும். அதன்மேல் சிலிக்கான் கிரீஸைக் கையில் ஒட்டும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அதிகமாகத் தடவினால் சூட்டில் ஆவியாகி ரிஃப்ளெக்டரிலேயே படியும். காற்றுத் துளையில் சேறு அடைத்திருந்தால் அதுவும் தண்ணீரை இழுக்கும்: எரியும்போது சூடான காற்று வெளியேறுகிறது, அணைந்ததும் உள்காற்று சுருங்கி, கிடைத்த இடுக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆகவே ஈரம் வருகிறதே என்று காற்றுத் துளையை அடைப்பது தலைகீழான வைத்தியம்.

லென்ஸ் ஒட்டிய விளிம்பில் கசிவா என்று பார்க்க, ஆறிய விளக்கில் பல்பைப் பொருத்தி, கனெக்டர் முனையையும் காற்றுத் துளையையும் டேப்பால் மூடி, வெதுவெதுப்பான நீரில் முக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும்போது கசிவு உள்ள இடத்தில் குமிழ் வரும். அந்த இடத்தை உலர்த்தி, வெளிப்பக்கமாக சிலிக்கான் போடலாம். அதிலும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது ரசத்தை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று குறித்த வகையையே வாங்க வேண்டும். சூப்பர் க்ளூவும் கூடாது. அதன் ஆவி உள்ளே போய் வெள்ளைப் புகைபோல் ரிஃப்ளெக்டரில் படிந்துவிடும். எந்தப் பசையானாலும் 24 மணி நேரம் பல்ப் துளையைத் திறந்தே வைத்து உலர விடுங்கள்.

லென்ஸையே பிரிக்கலாமா? நிறைய ஃபாக் லைட்டுகளில் லென்ஸும் பெட்டியும் பிளாஸ்டிக் வெல்டிங்கில் சேர்த்தவை. சூடு காட்டினாலும் பிரியாது, உடையும். விளிம்பில் கறுப்பாக, நகம் பதியும் பசை தெரிந்தால் அது பியூட்டைல் என்ற ரப்பர் பசை. அந்த வகை மட்டுமே 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் இளகும். அளவு மீறிச் சூடாக்கினால் ரிஃப்ளெக்டரின் வடிவமே நெளியலாம். ரிஃப்ளெக்டரில் அரை மில்லிமீட்டர் நெளிவு மங்கலைவிட மோசம். உள்ளே செய்ய வேண்டிய எதையும் பல்ப் துளை வழியாகச் செய்ய முடியும் என்பதால், பிரிக்காமல் விடுவதையே சொல்வேன்.

ரசம் உதிர்ந்த திட்டு ஓரத்தில், சிறு நாணய அளவுக்குள் இருந்தால் அப்படியே விடலாம், வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. பல்புக்கு நேர் பின்னாலும் மேலும் கீழும் உதிர்ந்திருந்தால் விளக்கை மாற்ற வேண்டியதுதான். கிடைக்காத பழைய விளக்கு, அதுவும் லென்ஸ் பிரியும் வகை என்றால், வெற்றிட முறையில் மறுபூச்சு போடும் பட்டறைக்கு ரிஃப்ளெக்டரைத் தனியாகக் கழற்றி அனுப்பலாம். குரோம் முலாம் கேட்காதீர்கள். குரோம் நீண்ட நாள் நிற்கும், ஆனால் ஒளியில் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் திருப்பும். அலுமினியமே வேண்டும் என்று சொல்லுங்கள்.

பல்பைப் பற்றிச் சுருக்கமாக. பழைய ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் உள்பக்கம் கறுப்பு படிந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கண்ணாடியை விரலால் தொடக் கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறிக் கெடும். எச்8க்கு 35 வாட், எச்11க்கு 55 வாட். 100 வாட் பல்ப் போட்டால் வயரும் ஹோல்டரும் உருகும், ரிஃப்ளெக்டரின் ரசம் பல்புக்கு மேலே கறுத்து உதிரும். ஹாலஜனுக்கென்று வார்த்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்ப் போடுவதும் வேண்டாம். இழை இருந்த இடத்தில் எல்இடியின் ஒளிப்புள்ளி அதே அளவில், அதே வடிவில் இருக்காது. கணக்கு தவறி ஒளி மேலே கசியும். பல நாடுகளில் சட்டமும் அனுமதிப்பதில்லை. பல்புக்கு முன்னால் சிறு மூடிபோல் ஒரு தடுப்பு இருந்தால், அது வெளிச்சத்தை மறைக்கிறது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். ரிஃப்ளெக்டரில் படாமல் நேராக வெளியேறும் ஒளியைத் தடுக்கத்தான் அது இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. லென்ஸ் 75 சதவீதம் விடுகிறது, ரிஃப்ளெக்டர் 80 சதவீத நிலையில் இருக்கிறது, அழுத்தக் குறைவால் பல்ப் 70 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை ஒன்றோடொன்று பெருகும்: மிஞ்சுவது 42. ரிஃப்ளெக்டரைத் தொடாமலே லென்ஸை 90க்கும், அழுத்தத்தைச் சரிசெய்து பல்பின் ஒளியை 95க்கும் கொண்டுவந்தால் 68. ஒன்றரை மடங்குக்கு மேல். ரிஃப்ளெக்டரை மட்டும் எப்படியோ புதிதாக்கி மற்றதை விட்டால் 53ஐக்கூடத் தாண்டாது.

கழற்றி மாட்டிய விளக்கின் திசை மாறியிருக்கக் கூடும். டயர்க் காற்று சரியாக இருக்க, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் கோடு போடுங்கள். ஒளிப்பட்டையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே, கிடையாக நிற்க வேண்டும். சரிசெய்யும் திருகு பெரும்பாலும் விளக்கின் பக்கவாட்டில் இருக்கும், சில பம்பர்களில் அதற்கென்றே சிறு துளை விட்டிருப்பார்கள். பம்பரை முழுவதும் மூடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிறகு முதல் மழையோ முதல் கழுவலோ முடிந்ததும் உள்ளே எட்டிப் பாருங்கள். மெல்லிய ஆவி படிந்து, விளக்கை எரியவிட்ட சற்று நேரத்தில் மறைந்தால் அது இயல்பு. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் ரப்பர் வளையத்தை மறுபடி கழற்றிப் பாருங்கள்.